ரத்தக் கழிச்சல் வராமல் தடுக்க ஓமம், மஞ்சள், பூண்டு தீவனத்தில் கலக்கலாமா? அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொல்லைக்கோழி (திருநின்றவூர்), நவம்பர் 16

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 20க்கு 12 அடியில் ஒரு கொட்டகை போட்டு சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன். முதல் இரண்டு பேட்ச் கோடையிலும் ஆடியிலும் போட்டேன், பெரிய சேதம் இல்லை. மூன்றாவது பேட்ச் 180 குஞ்சு, ஆயுத பூஜை முடிந்த வாரம் இறக்கினேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

24ம் நாள் காலையில் கொட்டகையைத் திறந்தேன். மூலையில் நான்கு குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. தரையில் பரப்பியிருந்த உமியைக் குனிந்து பார்த்தால், குங்குமத்தைக் கரைத்துத் தெளித்தது போல அங்கங்கே சிவப்பு. அன்று மதியத்துக்குள் இரண்டு போயின. ஒன்பது நாளில் மொத்தம் 31. கையில் எடுத்தால் எடையே இருக்காது, கொண்டையும் காலும் வெளுத்துப்போய் இருக்கும். இரண்டு நாளாகத்தான் சாவு நின்றிருக்கிறது.

மருந்துக் கடையில் சொல்லி ஒரு பொடி வாங்கினேன், தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். கூடவே சோர்வு போக ஒரு பி காம்ப்ளக்ஸ் டானிக்கும், 450 ரூபாய்க்கு ஒரு மூலிகை திரவமும் கொடுத்தார்கள். மூன்றையும் ஒரே தண்ணீரில் ஊற்றி வைத்தேன். பெரிய குணம் தெரியவில்லை.

தீவனம் நானே கலக்கிறேன். குருணை, ரேஷன் கோதுமை அரைத்தது, தவிடு, கடலைப் புண்ணாக்கு, காசிமேட்டிலிருந்து வரும் கருவாட்டுத் தூள். கருவாட்டுத் தூள் மலிவாகக் கிடைத்ததால் இந்த முறை கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

என்னிடம் கோழி வாங்குபவர்கள் எல்லாம் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும்தான். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு, சளி பிடித்த குழந்தைக்கு ரசம் வைக்க என்று கேட்டு வாங்குகிறார்கள். அதனால் தினமும் தீவனத்தில் மருந்து போட்டு வளர்க்க எனக்கு மனம் வரவில்லை. நோய் வந்தால் மருந்து கொடுக்கத்தான் போகிறேன், அதில் பிடிவாதம் இல்லை. ஆனால் வராமல் தடுக்க நம் அடுப்படியில் இருக்கும் பொருட்களே போதும் என்று பலர் சொல்கிறார்கள். ஓமம், மஞ்சள், பூண்டு, வேப்பிலை, கற்பூரவல்லி என்று ஆளுக்கு ஒன்று. கிலோவுக்கு எத்தனை கிராம் என்று கேட்டால் மட்டும் "ஒரு கைப்பிடி" என்கிறார்கள். என் கைப்பிடி வேறு, என் மாமியார் கைப்பிடி வேறு. அடுத்த பேட்ச் தையில் இறக்கலாம் என்று இருக்கிறேன். உண்மையாகவே செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மாடிக்கூண்டு (பெரம்பூர்), நவம்பர் 16

அக்கா, நான் மாடியில் 12 கோழிதான் வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு நாள் வேப்பிலைக் கொழுந்தை அரைத்து மோரில் கலந்து வைப்பேன். இதுவரை ஒன்றும் வந்ததில்லை. ஆனால் என் கூண்டு கம்பி வலைத் தளம், எச்சம் கீழே விழுந்துவிடும். அது காரணமா, வேப்பிலை காரணமா என்று எனக்குத் தெரியாது.

மூட்டைத்தீவனம் (செங்குன்றம்), நவம்பர் 16

அம்மா, 31 குஞ்சு போனது பெரிய வலி. நானும் பட்டவன். 22 வருடமாகச் சின்னப் பண்ணைகளுக்குத் தீவனம் அரைத்துக் கலந்து கொடுக்கிறேன், கொஞ்சம் கோழியும் வளர்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

மாடிக்கூண்டு தம்பி சொன்னதில் முக்கியமான விஷயம் கம்பி வலை. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரத்தக் கழிச்சல் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியால் வருவது. கோழியைத் தாக்குவதில் முக்கியமாக ஏழு வகை இருக்கின்றன. நீங்கள் பார்த்த குங்குமச் சிவப்பு பெரும்பாலும் டெனெல்லா என்ற வகை, குருட்டுக்குடலில் போய் உட்காருவது. எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டை உடனே தொற்றாது. ஈரமும், காற்றும், 25 முதல் 30 டிகிரி வெப்பமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பழுத்துத் தயாராகும். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்க் கொட்டகை அதற்கென்றே கட்டிவைத்தது மாதிரி. அதைக் கொத்தித் தின்ற குஞ்சின் குடல் செல்லுக்குள் புகுந்து பெருகி, செல்லை உடைத்து, அடுத்த செல்லுக்குப் போகும். ரத்தம் வெளியே தெரிவது ஐந்தாம் ஆறாம் நாள்தான். அதாவது நீங்கள் 24ம் நாள் காலையில் பார்த்த சிவப்பு, 18 அல்லது 19ம் நாள் தின்ற ஈர உமியின் கணக்கு. அன்று ஓமத்தை வாயில் ஊற்றினாலும் அந்தக் குடலை ஒட்ட வைக்க முடியாது. தாவரப் பொருள் எதுவாக இருந்தாலும் இரண்டாவது வாரத்திலிருந்தே தீவனத்தில் இருந்தால்தான் அதற்கு வேலை உண்டு. சிவப்பைப் பார்த்தபின் மருந்துதான்.

இனி நீங்கள் கேட்ட பொருட்கள்.

என் கையில் நம்பிக்கை தந்தது ஓமம். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆரிகனோ எண்ணெய் என்று டப்பாவில் விற்கிறார்களே, அதில் வேலை செய்வது கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள். நம் ஓமத்தின் வாசனையே தைமால்தான். கற்பூரவல்லி இலையில் இரண்டும் இருக்கின்றன. இவை பாக்டீரியாவின் மேல்தோலைக் குலைக்கும், குடலில் செரிமான நீரைத் தூண்டும். ஐமீரியாவை நேராகக் கொல்லும் வேகம் மருந்துக்கு உள்ள அளவு இல்லை. ஆனால் ஐமீரியா கிழித்த குடலில் அடுத்து வந்து குடியேறும் பாக்டீரியாவை அடக்குவதில் இவற்றுக்கு நல்ல பங்கு உண்டு. அந்த பாக்டீரியாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், உங்கள் கருவாட்டுத் தூள் அங்கேதான் வருகிறது.

கைப்பிடிக் கணக்கு வேண்டாம், இப்படிப் பாருங்கள். ஓமத்தில் எண்ணெய் 100க்கு 2 முதல் 4 பங்கு. அந்த எண்ணெயில் பாதிக்குப் பக்கம் தைமால். கிலோ தீவனத்துக்கு 5 கிராம் ஓமத்தூள் போட்டால் சுமார் 150 மில்லிகிராம் எண்ணெய், 75 மில்லிகிராம் தைமால். டப்பாவில் விற்கிற கலவைகளும் இந்த வட்டாரத்தில்தான் கொடுக்கின்றன. அதனால் 5 கிராம் என்பது என் அளவு. இரண்டு மடங்கு போட்டுப் பார்த்தேன், குஞ்சுகள் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கின. தீவனம் குறைந்தால் எடை குறையும், அப்புறம் என்ன பயன்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் பறந்துவிடும். அரைத்து ஒரு மாதம் கிடந்த ஓமப்பொடியில் வெறும் தூசிதான் மிச்சம். ஓமத்தை முழுதாக வாங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். உள்ளங்கையில் நாலு மணி போட்டுக் கசக்கினால் மூக்கில் சுருக்கென்று ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடைகளில் வாங்குகிறேன், அங்கே சரக்கு வேகமாக மாறுவதால் பழசு தேங்காது.

மஞ்சளும் கிலோவுக்கு 5 கிராம். விரலி மஞ்சளை வாங்கி நீங்களே அரைக்க வேண்டும், பாக்கெட் பொடியில் நிறத்துக்காக என்ன கலந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மஞ்சளில் உள்ள குர்குமின் மனித உடம்பில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை என்று ஒரு குறை சொல்வார்கள். கோழிக்கு நாம் கொடுப்பது குடலுக்காகவே. உறிஞ்சாமல் குடலிலேயே தங்கினால் நமக்கு நல்லதுதான்.

பூண்டு பச்சையாக கிலோவுக்கு 10 கிராம், நசுக்கிப் பத்து நிமிடம் வைத்து, அன்றைய தீவனத்தில் மட்டும். நசுக்கினால்தான் அல்லிசின் என்ற வேலை செய்யும் பொருள் உண்டாகும், அதுவும் நிலைத்து நிற்காது. முன்கூட்டிக் கலந்து மூட்டையில் கட்டினால் பூசணம்தான் வரும்.

வேப்பிலை கசப்பு, தினசரி தீவனத்தில் எனக்குச் சரிப்படவில்லை. மிளகாய் பற்றியும் சிலர் கேட்பார்கள். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது, தாராளமாகத் தின்னும். ஆனால் ரத்தக் கழிச்சலுக்கு அதை நான் நம்பி இறங்கியதில்லை.

இப்போது என் சொந்தக் கதை. மூன்று வருடம் முன்பு, இதே கார்த்திகை. 120 குஞ்சை நடுவில் வலை கட்டி இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் ஓமம், மஞ்சள், பூண்டு சேர்த்த தீவனம், மறுபக்கம் வெறும் தீவனம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஓமத் தீவனப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடுவையின் அடியில் ஒரு விரிசல், நான் கவனிக்கவில்லை. குடுவையைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு உமி கருத்து, பாளமாகி, மிதித்தால் சொதசொத என்று இருந்தது. 21ம் நாள் அந்தப் பக்கத்தில்தான் முதலில் ரத்தம். ஒன்பது குஞ்சு போனது. வெறும் தீவனம் தின்ற பக்கத்தில் தரை காய்ந்திருந்தது, ஒன்றுகூடச் சாகவில்லை. அன்றைக்கு நான் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இரண்டு பக்கமும் குடுவையை மாற்றி, உமியை அள்ளிப் போட்டுவிட்டு, அடுத்த பேட்சில் மறுபடி பிரித்துப் பார்த்தேன். தரை இரண்டு பக்கமும் காய்ந்திருந்தபோது ஓமப் பக்கத்து எச்சம் கெட்டியாக இருந்தது, நாற்பதாம் நாளில் குஞ்சுகள் ஒரே சீராக வளர்ந்திருந்தன. மறுபக்கம் சிறிசும் பெரிசுமாக இருந்தன. அதிலிருந்துதான் இன்றுவரை கலக்கிறேன்.

அதனால் முதலில் உங்கள் உமியைப் பாருங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை போல நின்றால் அந்தக் கொட்டகையில் எந்த மூலிகையும் வேலை செய்யாது. தினமும் கிளறிவிடுங்கள், குடுவையைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், அடியில் செங்கல்லும் வலைச் சட்டமும் போட்டால் சிந்துவது கீழே போய்விடும், குஞ்சின் கால் ஈரத்தில் படாது.

கடைசியாக உங்கள் தீவனம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒரு பாக்டீரியா எல்லாக் கோழி குடலிலும் கொஞ்சம் இருக்கும், சும்மா கிடக்கும். ஐமீரியா குடலைக் கிழித்துப் புரதம் கசிந்தால் அதற்கு விருந்து. கருவாட்டுத் தூள் அதிகம் போனாலும் விருந்து. கோதுமை குடலில் பசை மாதிரி நின்று தீவனத்தை மெதுவாக நகர வைக்கும், அதுவும் அதற்குச் சாதகம். மூன்றும் உங்களிடம் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன. கோதுமையைக் குறைத்து மக்காச்சோளமோ கம்போ போடுங்கள். கருவாட்டுத் தூள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம், மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். கடலைப் புண்ணாக்கை முகர்ந்து பாருங்கள், பூசண வாடை இருந்தால் காசு போனாலும் பரவாயில்லை, கொட்டிவிடுங்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சு குஞ்சின் எதிர்ப்புச் சக்தியையே சாய்க்கும்.

கறிக்கோழி4000 (கேளம்பாக்கம்), நவம்பர் 17

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் கம்பெனிக்கு வளர்ப்பவன், 4000 கோழி. எங்கள் தீவனம் குருணை வடிவில் வரும், ஆலையில் 80 டிகிரிக்கு மேல் நீராவியில் சூடாக்கி அழுத்துவது. வெறும் எண்ணெயைக் கலந்தால் அந்தச் சூட்டில் பறந்துவிடும் என்பதால், கொழுப்பு உறைக்குள் பொதிந்த பொடியாகப் போடுகிறார்கள். அந்த உறைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தைமால் மாதிரிப் பொருட்கள் இரைப்பையிலும் குடலின் முதல் பகுதியிலுமே உறிஞ்சப்பட்டுவிடும், கீழ்க்குடலுக்குப் போய்ச் சேராது. உறை இருந்தால் மெதுவாகக் கரைந்து கீழே வரை போகும். வீட்டில் அரைக்கும் ஓமத்தூளில் எண்ணெய் விதைத் துணுக்குக்குள்ளேயே இருப்பதால் கொஞ்சம் தாங்கும் என்று நினைக்கிறேன், ஆனால் டப்பாப் பொடிக்குச் சமம் என்று எதிர்பார்க்க வேண்டாம் அக்கா.

திரவ மூலிகை எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிய அனுபவமும் எனக்கு உண்டு. எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். முதலில் குடித்த கோழிக்கு ஒன்றுமில்லை, கடைசியில் குடித்ததற்கு எல்லாம். ஒரு வாரத்தில், கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாய் உள்ளே வழவழவென்று படிந்து, பாதி நிப்பிளில் தண்ணீர் வரவில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் இல்லாமல் கோழி நின்றதை நினைத்தால் இன்னும் மனம் பதறுகிறது. தீவனத்திலேயே கலந்து கொடுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (அண்ணா நகர்), நவம்பர் 17

திருநின்றவூர் சகோதரிக்கு. நீங்கள் வாங்கிய பொடியின் உறையைப் பாருங்கள். ஆம்ப்ரோலியம் என்று இருந்தால், பி காம்ப்ளக்ஸ் டானிக்கை அதனோடு சேர்த்துக் கொடுத்ததால்தான் குணம் தெரியவில்லை. ஆம்ப்ரோலியம் வேலை செய்யும் விதமே வைட்டமின் பி1 போல வேடமிட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடுவது. நீங்கள் அதே தண்ணீரில் நிஜ பி1ஐ ஊற்றியிருக்கிறீர்கள். உங்கள் தவறு இல்லை, விற்றவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

20 சதவீதப் பொடி என்றால் லிட்டருக்கு சுமார் 1.2 கிராம், மூன்று முதல் ஐந்து நாள். பிறகு கால் பங்கு அளவில் ஒன்று முதல் இரண்டு வாரம். இது தவிர வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. நோயுற்றவற்றுக்கு மட்டும் கொடுத்தால் போதாது, எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும். இந்த மருந்து ஒட்டுண்ணி பெருகும் முதல் கட்டத்தில்தான் நன்றாகப் பிடிக்கும், அதாவது இன்னும் ரத்தம் காட்டாத குஞ்சுகளைத்தான் அது காப்பாற்றுகிறது. வைட்டமின் ஏ, கே கொடுக்கலாம். பி காம்ப்ளக்ஸ் எல்லாம் மருந்து முடிந்த பிறகு.

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தக் கழிச்சல் என்றும், வெளுப்பாக இருப்பதெல்லாம் வெள்ளைக் கழிச்சல் என்றும் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். பச்சை கலந்த கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்வது, ஒரே நாளில் கொத்தாகச் சாவது என்றால் ராணிக்கெட் என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும், நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்பதும் அதைத்தான். அதற்குத் தடுப்பூசி ஒன்றே வழி, ஓமமும் மஞ்சளும் அதைத் தடுக்காது. அடுத்த முறை ஒரு குஞ்சு இறந்தால் தாமதிக்காமல் பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் கட்டி வைத்து, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ மாதவரத்துக்கோ பரிசோதனைக்குக் கொண்டு செல்லுங்கள். உறைபெட்டியில் கல்லாக உறைய வைக்க வேண்டாம், திசு கெட்டுவிடும்.

தீவனக்கார நண்பர் எழுதியது பெரும்பாலும் சரி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுண்ணியைத் தின்று தானே எதிர்ப்பு வளர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொரு வகைக்கு உதவாது. கடுமையான மருந்தை முதல் நாளிலிருந்து கொடுத்து ஒட்டுண்ணியை முழுதாக அடைத்தால், அந்த எதிர்ப்பு வராமலே போகலாம். மருந்தை நிறுத்திய வாரத்தில் நோய் வெடிக்கும். தாவரச் சேர்க்கைகள் மென்மையாக இருப்பது இந்த இடத்தில் ஒரு நன்மை. நாட்டுக்கோழி நீண்ட நாள் வளர்வதால் இது உங்களுக்கு இன்னும் பொருந்தும்.

நான் படித்துவிட்டு வேலையில் சேர்ந்த காலத்தில் வளர்ச்சிக்கென்றே தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பது சாதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஜனவரி முதல் அதற்குத் தடை. நம் நாட்டில் 2019இல் கொலிஸ்டினைக் கால்நடைக்கும் கோழிக்கும் தடை செய்தார்கள், மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. அந்த மாற்றத்தால்தான் ஓமமும் பூண்டும் மறுபடி பேச்சில் வந்திருக்கின்றன. இதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் குஞ்சு ரத்தம் கழியும்போது "இயற்கை முறை" என்று மருந்தைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்க மாட்டேன், அது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை.

கொல்லைக்கோழி (திருநின்றவூர்), நவம்பர் 19

டாக்டர் சார், உறையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஆம்ப்ரோலியம், 20 சதவீதம். டானிக்கில் முதல் வரியிலேயே பி1 என்று போட்டிருக்கிறது. படித்தபோது கை நடுங்கியது. டானிக்கை நிறுத்தி, நீங்கள் சொன்ன அளவில் மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று ஒன்று இறந்தது. மகனை வேப்பேரிக்கு அனுப்பினேன். அவன் பக்கத்தில் நின்று பார்த்துப் படமும் எடுத்துவந்தான். குடல் முடியும் இடத்தில் இரண்டு விரல் போலப் பிரிகிறதே, அந்த இரண்டும் வீங்கிக் கருஞ்சிவப்பாக இருந்தன. கத்தரியால் கீறியதும் உள்ளே உறைந்த ரத்தம், இறைச்சிக் கடையில் தட்டில் உறைய வைத்திருப்பார்களே, அதே மாதிரி. ஒரு கைவிரல் அளவுக் குடலில் இவ்வளவு ரத்தம் இருந்தால் அந்தக் குஞ்சுக்கு வேறு எங்கே ரத்தம் மிச்சம் இருக்கும். அதனால்தான் கால் அப்படி வெளுத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. குருட்டுக்குடல் ரத்தக் கழிச்சல்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

செங்குன்றம் அண்ணா, உமியைப் பிடித்துப் பார்த்தேன். கொழுக்கட்டைதான். மேற்குப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் ஆணி ஓட்டை வழியாகச் சுவரில் நீர் இறங்குகிறது. அந்த மூலையில்தான் குஞ்சுகள் படுக்கும். இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை.

இரண்டு கேள்வி. பழைய உமியை எடுத்துவிட்டு பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமி சாகுமா? ஓமம், மஞ்சள், பூண்டுக்கு மொத்தச் செலவு எவ்வளவு வரும்?

மூட்டைத்தீவனம் (செங்குன்றம்), நவம்பர் 19

பிளீச்சிங் பவுடர், பினாயில் எதற்கும் அந்த முட்டை அசையாது, தோல் அவ்வளவு கெட்டி. உமியை முழுதாக அள்ளித் தூரமாகக் குவித்து மூடி மக்க விடுங்கள், குவியலின் உள்சூட்டில் பெரும்பகுதி செத்துவிடும். தரையைச் சுரண்டிக் கழுவி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊதுவிளக்கு கிடைத்தால் மூலைகளைத் தீயால் வாட்டலாம், வலையும் துணியும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்து, மூன்று வாரம் வெறுமனே போடுங்கள். அதற்கு முன்னால் அந்த ஆணி ஓட்டை.

செலவு: இன்றைய சில்லறை விலையில் மூன்றும் சேர்ந்து கிலோ தீவனத்துக்கு நாலைந்து ரூபாய். சிறுவிடைக் குஞ்சு ஆறு வாரத்தில் ஒரு கிலோவுக்குப் பக்கமாகத் தின்னும். 180 குஞ்சுக்கு ஆயிரத்துக்குள் முடியும். முதல் வாரம் வெறும் தீவனம் கொடுங்கள், தின்னப் பழகட்டும். எட்டாம் நாளிலிருந்து பாதி அளவு, பத்தாம் நாளிலிருந்து முழு அளவு, ஆறு வாரம் வரை. கலக்கும்போது ஐந்து கிராமை நேராக மூட்டையில் கொட்டாதீர்கள். முதலில் ஒரு படி தவிட்டில் கலந்து, அந்தத் தவிட்டை மொத்தத் தீவனத்தில் கலந்தால்தான் எல்லாக் குஞ்சுக்கும் சமமாகப் போகும். ஒரு சமையல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

கொல்லைக்கோழி (திருநின்றவூர்), பிப்ரவரி 22

எல்லோருக்கும் வணக்கம். சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

பழைய பேட்சில் டானிக்கை நிறுத்தியபின் இரண்டு குஞ்சு மட்டும் போனது, மற்றவை தேறிவிட்டன. ஓட்டையை அடைத்து, கொட்டகையை ஒரு மாதம் காலியாகப் போட்டேன். பொங்கல் கழித்து 150 குஞ்சு இறக்கினேன். இன்று 33ம் நாள். இதுவரை நான்கு இறப்பு. மூன்று முதல் வாரத்திலேயே, ஒன்று குடுவைச் சட்டத்தில் சிக்கி. ரத்தம் ஒரு நாளும் பார்க்கவில்லை. கோதுமையை நிறுத்திவிட்டேன், கருவாட்டுத் தூள் நூற்றுக்கு மூன்று. தினமும் காலையில் மகள் உமியைக் கிளறிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாள், பிடித்துப் பார்த்து "உதிருதும்மா" என்று குரல் கொடுப்பாள்.

25ம் நாள் எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஐமீரியா முட்டை இருக்கிறது, குறைவாக இருக்கிறது என்றார்கள். குஞ்சுகள் நன்றாகத் தின்று ஓடுகின்றன. டாக்டர் சார் சொன்ன எதிர்ப்பு இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இது ஓமத்தால் வந்த பலன் என்று நான் எழுதப் போவதில்லை. தையும் மாசியும் மழை இல்லாத மாதம், தரையும் காய்ந்திருந்தது, தீவனமும் மாறியது. எது என்னைக் காப்பாற்றியது என்று ஐப்பசியில்தான் தெரியும். அப்போது அண்ணன் செய்தது போல நடுவில் வலை கட்டிப் பிரித்துப் பார்க்கப் போகிறேன். அளவு எடுத்துவிட்டேன், பத்தடி ஒரு பக்கம், பத்தடி ஒரு பக்கம். புதுக் குடுவை நான்கு வாங்கி, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். காகிதம் நனையவில்லை.